பாக்கி கேசட்டுகள்

ஜூன் 9, 2025 – திங்கள், தென்காசி

சென்னையிலிருந்து ஒரு பையன் போன் பண்ணினான். சினிமாவில் ஆர்ட் டிபார்ட்மென்ட்டாம். 2009இல் நடக்கிற ஒரு கல்யாணக் காட்சி எடுக்கிறார்கள். வீடியோக்காரர் தோளில் பெரிய கேமரா இருக்க வேண்டுமாம். "சார், ஓடணும்னு அவசியமில்ல. பாக்க இருந்தா போதும்." ஒரு வாரத்துக்கு மூவாயிரம் வாடகை. 27ஆம் தேதி குற்றாலத்துக்கு வரும்போது எடுத்துக்கொள்வார்கள்.

பார்க்க இருந்தால் போதும் என்றானே, போனை வைத்ததும் சிரித்துவிட்டேன். 2008இல் நான் அதை வாங்கியதும் அதற்காகத்தான். சோனி ஹெச்விஆர்-ஹெச்டி1000. தோளில் ஏற்றினால் டிவி சேனல்காரன் தோரணை. ஆனால் லென்ஸ் முன்னால் மாட்டுகிற ஃபில்டர் வெறும் 37 மி.மீ. உள்ளே இருப்பதும் ஒரே ஒரு சிமாஸ் சென்சார். அதற்கு முன் நான் வைத்திருந்த பிடி170இல் மூன்று சிசிடி. அது கைக்கு அடக்கமாக இருந்ததால் மண்டபத்தில் ஒருத்தனும் மதிக்கவில்லை. இதைத் தூக்கிக்கொண்டு நுழைந்த முதல் நாளே மாப்பிள்ளையின் சித்தப்பா நாற்காலியை விட்டு எழுந்து வழிவிட்டார்.

சரி என்று சொல்லிவிட்டேன். மூவாயிரம் மூவாயிரம்தானே.

ஜூன் 10 – செவ்வாய்

பரணில் ஏறினேன். முட்டி சம்மதிக்கவில்லை, இருந்தாலும் ஏறினேன். கேமரா பெட்டிக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டின். திறந்தால் மினி டிவி (MiniDV) கேசட்டுகள், இருபத்தெட்டு. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். ஒவ்வொன்றின் முதுகிலும் ஊர்ப்பெயர், 'மு' அல்லது 'ரி' (முகூர்த்தம், ரிசப்ஷன்), கீழே சிவப்பு மையில் ஒரு தொகை. 2,500. 4,000. 3,000.

தொகையைப் பார்த்ததும்தான் ஞாபகம் வந்தது. இவையெல்லாம் பாக்கி வராத கல்யாணங்கள்.

அப்போது ஒரு கேசட் நூறு ரூபாய்க்கு மேல். ஒரு கல்யாணத்துக்கு நாலைந்து ஓடும். டிவிடி கொடுத்துக் கணக்கு முடிந்ததும் அதே கேசட்டைச் சுற்றி அடுத்த கல்யாணத்துக்குப் போட்டுவிடுவோம். மூன்று கல்யாணம் தாங்கும் என்பது எங்கள் கணக்கு. பாக்கி நின்றால் மட்டும் மாஸ்டர் கேசட்டை எடுத்து வைத்துக்கொள்வேன், ஒருவிதமான அடகு. இன்னொரு காப்பி கேட்டு வராமலா போவார்கள் என்ற நினைப்பு. ஒருத்தரும் வரவில்லை.

ஆக, பணத்தை ஒழுங்காகக் கொடுத்தவர் வீட்டுக் கல்யாணமெல்லாம் அடுத்தவர் கல்யாணத்துக்கு அடியில் அழிந்துபோனது. பாக்கி வைத்தவர் வீட்டுக் கல்யாணம் பத்திரமாக இருக்கிறது. வீட்டுக்காரியிடம் சொன்னேன். "உங்க தொழிலே அப்படித்தான்" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஜூன் 11 – புதன்

கேமராவுக்கு உயிர் இருக்கிறது. அடாப்டரைச் செருகியதும் திரையில் தேதியைக் கேட்டது. உள்ளே இருக்கிற பொத்தான் பேட்டரி செத்திருக்கும். வெளி பேட்டரிக்குப் பஞ்சமில்லை. அதே எஃப் வகை பேட்டரிதான் இன்றைக்கும் எல்இடி லைட்டுகளுக்கெல்லாம் வருகிறது.

கம்ப்யூட்டர்தான் இழுத்தது. விண்டோஸ் 7 போட்ட என் பழைய எடிட்டிங் பெட்டிக்கு எஸ்எம்பிஎஸ் போயிருந்தது, 900 ரூபாய். ஃபயர்வயர் கார்டைப் பிடுங்கி, அதன் பல்லை அழிரப்பரால் தேய்த்து மறுபடி செருகினேன். இப்போது விற்கிற லேப்டாப்பில் ஃபயர்வயர் ஓட்டையே கிடையாது. இந்தக் கேசட்டில் உள்ளதை உள்ளபடி இறக்க வேறு நல்ல வழியும் கிடையாது. கேமராவில் நாலு முனை, கார்டில் ஆறு முனை. கேபிளைச் செருகும்போது கேமராவை அணைத்துவிட்டுத்தான் செருகினேன். சூட்டோடு செருகி போர்ட்டைக் கருக்கிய ரெண்டு பேரை எனக்குத் தெரியும்.

கேசட்டுகள் எல்லாவற்றிலும், மேலே மறுபடி பதியாமல் தடுக்கிற அந்தச் சின்னத் தாழ்ப்பாள் 'சேவ்' பக்கம் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. சிவப்பு மையில் பாக்கி எழுதும்போதே தள்ளிவிட்டிருக்கிறேன்.

ஜூன் 12 – வியாழன்

முதல் கேசட், சுரண்டை 'மு'. பாக்கி 4,000. 2009 தையில் நடந்த கல்யாணம். பல வருஷம் சும்மா கிடந்த நாடா என்பதால் ஒரு தடவை கடைசிவரை ஓட்டி, திருப்பிச் சுற்றி, அப்புறம்தான் ஓடவிட்டேன். அதற்கு முன்னால் கிளீனிங் கேசட்டைப் போட்டுப் பத்து வினாடி ஹெட்டைச் சுத்தம் செய்தேன். பத்துக்கு மேல் விட்டால் அது ஹெட்டையே தின்னும்.

ஒரு மணி நேர நாடா இறங்க ஒரு மணி நேரம் ஆகும். அவசரப்படுத்த வழியில்லை. முடிந்ததும் ஃபைலைத் திறந்தால் படம் மசமசவென்று இருக்கிறது. அளவைப் பார்த்தேன், 720க்கு 576. ஹெச்டியே இல்லை. நாடாவில் இருப்பது 1440க்கு 1080 ஆக இருக்க வேண்டும்.

அரை மணி நேரம் கேபிளைச் சந்தேகப்பட்டு, கார்டைச் சந்தேகப்பட்டு, கடைசியில் கேமராவின் மெனுவுக்குள் போனேன். 'ஐ-லிங்க் கன்வெர்ட்' என்று ஒன்று உண்டு. ஹெச்டிவியில் (HDV, இந்தக் கேசட்டிலேயே ஹெச்டி பதிகிற முறை) எடுத்ததைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும்போது சாதா டிவியாகச் (DV) சுருக்கி அனுப்புகிற சங்கதி. அது 'ஆன்' ஆகியிருந்தது. தானாக ஆகவில்லை, 2008இல் நான் வைத்ததுதான்.

இதை எழுதிவிட வேண்டும். அன்றைக்கு ஹெச்டி ரேட் என்று பதினாலாயிரம் வாங்கினோம். சாதா ரேட் எட்டாயிரம். ஹெச்டியில்தான் எடுத்தோம், அதில் பொய்யில்லை. ஆனால் என் கம்ப்யூட்டர் ஹெச்டிவியை டைம்லைனில் வைத்தால் மூச்சு வாங்கும். ஃபேட் ஒன்று போட்டால் டீ குடித்துவிட்டு வரலாம். அதனால் சுருக்கி இறக்கி, சாதாவாக எடிட் செய்து, டிவிடியில் கொடுத்தோம். வேறு எதில் கொடுப்பது? ப்ளூ-ரேவும் ஹெச்டி டிவிடியும் போட்ட சண்டை 2008 பிப்ரவரியில்தான் முடிந்தது. ஜெயித்த ப்ளூ-ரே பிளேயர் எங்கள் பக்கத்தில் எந்த வீட்டில் இருந்தது? டிவிடிக்குப் போனது, நாடாவில் இருந்த புள்ளிகளில் கால் பங்கும் சொச்சமும்தான். மீதியை அந்த வீட்டுக்காரர்கள் பார்த்ததே இல்லை. நானும் பார்த்ததில்லை. காசு வாங்கிய பொருள் பதினாறு வருஷமாக என் பரணில் இருந்திருக்கிறது.

ஜூன் 14 – சனி

மெனுவை மாற்றிவிட்டு அதே கேசட்டை மறுபடி இறக்கினேன். ஏறக்குறைய 12 ஜிபி.

பார்த்துக்கொண்டே இருந்தேன், சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் போகவில்லை. மணவறைத் தூணில் கட்டிய வாழைக்குலையில் ஒவ்வொரு காயின் நுனியிலும் காய்ந்து தொங்குகிற பூ தெரிகிறது. நாதஸ்வரக்காரர் நெற்றியில் வியர்வை எந்தப் பக்கம் வழிகிறது என்று தெரிகிறது. என் சன்கன் லைட்டின் மஞ்சள் எல்லாருடைய முகத்திலும் அப்பியிருக்கிறது. அதற்கு நான்தான் பொறுப்பு, ஒயிட் பேலன்ஸ் சரியாக வைக்கவில்லை.

கெட்டிமேளம் வந்ததும் கதை வேறு. அட்சதை பறந்த நொடியில் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. நாடாவுக்கு வினாடிக்கு 25 மெகாபிட்தான் இடம். பழைய சாதா டிவி (DV) முறைக்கும் அதே 25தான். கேசட்டும் அதேதான், கால் அங்குல நாடா. ஹெச்டியை அதற்குள் திணிக்க எம்பெக்-2இல் அமுக்கியிருக்கிறார்கள். அசையாத முகத்துக்கு அது போதும், நூறு பேர் ஒரே நேரத்தில் வீசுகிற அரிசிக்குப் போதாது. போதாததற்கு போட்டோக்காரர்களின் பிளாஷ். பிடி170இல் பிளாஷ் அடித்தால் படம் முழுக்க வெளுக்கும். இதில் பாதிப் படம் மட்டும் பட்டையாக வெளுக்கிறது. சிமாஸ் சென்சார் மேலிருந்து கீழே வரிவரியாகப் படிப்பதால் வருகிற வினை. தாலி கட்டுகிற கையை நிறுத்திப் பார்த்தால் மேலே வெள்ளை, கீழே கட்டம், நடுவில் மஞ்சள் கயிறு.

ஜூன் 15 – ஞாயிறு

இன்று கேட்டதை இன்றே எழுதிவிடுகிறேன்.

கேசட்டின் தொடக்கத்தில்தான் டிராப்அவுட் (நாடாவில் பதிவு விட்டுப்போவது) அதிகம் வரும். அதனால் புதுக் கேசட் போட்டதும் லென்ஸ் மூடியோடு ஒரு நிமிஷம் ஓடவிடுவது என் பழக்கம். படம் கறுப்பு. மைக் அதன் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருக்கும். எடிட்டிங்கில் அந்தக் கறுப்பை இறக்கவே மாட்டோம். இப்போது முழுசாக இறக்கியதில் அதுவும் வந்திருக்கிறது. சுரண்டை கேசட்டின் கறுப்பில் பெண்ணின் அப்பா குரல்:

"என்னவே, போன தடவ எட்டாயிரத்துக்குத்தான வந்தீரு?"

"அண்ணாச்சி, அது சாதா. இது ஹெச்டி. பொண்ணு கையில உள்ள வளையல எண்ணிரலாம்." இது நான். என்ன ஒரு இளக்காரமான குரல் எனக்கு.

"எண்ணி என்ன செய்ய?"

"பதினாலு அண்ணாச்சி. பத்து குடுத்தாச்சி, நாலு மறுவீடு முடிஞ்சி."

"வளையல எண்ண முடியலன்னா நாலு கெடையாது. பாத்துக்கிடும்."

சிரிப்புச் சத்தம். ரெண்டு பேரும் சிரிக்கிறோம். அப்புறம் மூடி கழன்று வெளிச்சம் வருகிறது.

பாக்கி தரவில்லை, மோசமான பார்ட்டி என்று பதினாறு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். டிவிடியில் வளையலாவது தெரிந்திருக்குமா? கையே வெண்டைக்காய் மாதிரி இருந்திருக்கும். இப்போது நிறுத்தி எண்ணிப் பார்த்தேன். இடது கையில் பதினொன்று வரை வந்தேன். அதற்குள் பொண்ணு கையை அசைத்துவிட்டாள்.

ஜூன் 17 – செவ்வாய்

சாரல். காலையிலிருந்து துணி காயவில்லை. கேமராவில் கேசட்டைப் போட்டால் ஈரம் என்று எச்சரிக்கை காட்டுகிறது, கேசட்டை வெளியே எடுப்பதைத் தவிர வேறெதற்கும் மசியாது. சுற்றுகிற டிரம்மில் ஈரம் இருந்தால் நாடா ஒட்டிக்கொண்டு கிழியும், அதனால் அது தடுப்பது நல்லதுதான். மூடியைத் திறந்து வைத்து ஒரு மணி நேரம் காத்திருந்தேன். மறுபடி எச்சரிக்கை. இன்று வேலை இல்லை. அடைதான் சாப்பிட்டேன்.

ஜூன் 19 – வியாழன்

என்னிடம் லைட் பாயாக இருந்த தம்பி வந்தான். இப்போது டிரோன் ஓட்டுகிறான், ஒரு முகூர்த்தத்துக்கு நான் அன்று மொத்தமாக வாங்கியதைவிட அதிகம் வாங்குகிறான். கேசட் ஓடுகிற சத்தத்தைக் கேட்டதும் காதைப் பக்கத்தில் கொண்டுபோனான். "அண்ணே, இந்தச் சத்தம் மாறுனா நீங்க என் மண்டையில தட்டுவீங்கள்ல?" என்றான். உண்மைதான். ஹெட் அடைத்தால் வியூஃபைண்டரில் தெரியாது. சுற்றிப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும், அதற்குக் கல்யாணத்தில் நேரம் ஏது.

2003இல் கேனன், ஷார்ப், சோனி, ஜேவிசி நாலு பேரும் கூடி இந்த ஹெச்டிவி முறையைக் கொண்டுவந்தார்கள் என்று அவனிடம் சொன்னேன். "நாலு கம்பெனி சேந்தா பத்து வருசம்கூட நிக்கலையே?" என்றான். மெமரி கார்டு வந்ததும் நாங்களே ஓடிப்போய் அதை வாங்கினோம், யாரைக் குறை சொல்ல.

போகும்போது தன்னிடம் பழைய எம்9000 ஒன்று ஓடாமல் கிடக்கிறது என்றான். விஎச்எஸ் கேசட் போடுகிற தோள் கேமரா.

ஜூன் 22 – ஞாயிறு

இதுவரை பதினாறு முடிந்தது. மூன்றில் பூஞ்சணம், நாடாவின் விளிம்பில் வெள்ளையாகப் பொடி. அவற்றைக் கேமராவுக்குள் விடவே இல்லை, விட்டால் அது ஹெட்டில் ஏறி மற்ற கேசட்டுகளையும் கெடுக்கும். சிலிகா ஜெல்லோடு தனி டப்பாவில் போட்டாயிற்று.

கடையநல்லூர் கேசட்டில் டிராப்அவுட். சாதா டிவி (DV) கேசட்டில் ஒவ்வொரு பிரேமும் தனித்தனி. நாடாவில் தூசி இருந்தால் படத்தில் நாலு கட்டம் மின்னிவிட்டுப் போகும். ஹெச்டிவியில் பன்னிரண்டு பிரேம் ஒரு கொத்து. ஒன்றைச் சார்ந்து அடுத்தது. நடுவில் ஒரு பொட்டு விட்டுப்போனால் அரை வினாடி படம் அப்படியே உறைந்து நிற்கும். அந்த அரை வினாடியில் மாப்பிள்ளை தும்மப் போகிறான். வாயைத் திறந்தபடி நிற்கிறான், அப்புறம் தும்மி முடித்திருக்கிறான்.

சுரண்டைக் கல்யாணத்தை மட்டும் டிவியில் ஓடுகிற மாதிரி எம்பி4 ஆக மாற்றினேன். நாடாவில் உள்ள 1440ஐ 1920 ஆக விரித்துக் காட்ட வேண்டும். முதல் தடவை மறந்துவிட்டேன், எல்லாரும் ஒல்லியாக வந்தார்கள். வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "இப்படியே குடுங்க, பொம்பளைங்க சந்தோசப்படுவாங்க" என்றாள்.

ஜூன் 25 – புதன்

பென்டிரைவோடு சுரண்டை போனேன், பஸ்ஸில். பழைய நம்பர் இப்போது வேறு யாருக்கோ போகிறது. அண்ணாச்சியின் பலசரக்குக் கடை அதே இடத்தில் இருந்தது. அண்ணாச்சிக்கு எழுபது தாண்டியிருக்கும், என்னை அடையாளம் தெரியவில்லை. வீடியோக்காரன் என்றதும், "பாக்கி கேக்க வந்தீரா?" என்றார். பாக்கி என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

கடைக்குப் பின்னால்தான் வீடு. டிவியில் போட்டோம். தாலி கட்டும் இடத்தை அவர் பெரிதாகப் பார்க்கவில்லை. "இவன் செத்துட்டான்", "இவ பெங்களூர்ல இருக்கா" என்று முகத்தைச் சுட்டிக்காட்டிக்கொண்டே வந்தார். அவர் வீட்டு ஆச்சிதான் நாற்காலியை டிவிப் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வளையல் பேச்சை நான் எடுக்கவில்லை, அண்ணாச்சிக்கும் ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை.

மொய் எழுதுகிற மேஜை வந்தது. எல்லாக் கல்யாணத்திலும் எடுக்கிற ஷாட்தான். எழுதுகிறவரின் தோளுக்கு மேலிருந்து நோட்டுக்கு ஜூம் போய், அங்கே நாலைந்து வினாடி நிறுத்தி, பக்கத்தைப் புரட்டியதும் இன்னொரு நாலைந்து வினாடி.

"நிப்பாட்டும்" என்றார் அண்ணாச்சி.

நிறுத்தினேன். வலது பக்கம் முழுசாகத் தெரிந்தது. நீல மை, கூட்டி எழுதிய கையெழுத்து. ஊர், பெயர், தொகை. 101. 501. 'வெண்கலப் பானை 1'. அண்ணாச்சி கண்ணாடியை மாற்றிக்கொண்டு டிவிக்கு ஒரு முழ தூரத்தில் போய் நின்றார்.

அந்த மொய் நோட்டைக் கரையான் அரித்து ஏழெட்டு வருஷம் ஆகிறதாம். அதற்குப் பிறகு யார் வீட்டுப் பத்திரிகை வந்தாலும் எவ்வளவு திருப்பிச் செய்வது என்று தெரியாமல், குறைத்துச் செய்து ரெண்டு வீட்டில் மனஸ்தாபம். டிவிடியைப் போட்டுப் பார்த்திருக்கிறார். "எறும்பு ஊருற மாதிரிதான் தெரிஞ்சுது" என்றார்.

ரெண்டு பக்கங்களிலும் சேர்த்து முப்பத்தொரு பெயர் படிக்க முடிந்தது. ஜூம் போகும்போது அசங்கியதில் நாலு பெயர் பாதி. நான் நிறுத்தி நிறுத்திக் காட்ட, ஆச்சி கடை பில் புக்கின் பின்பக்கத்தில் எழுதினார். மற்ற பக்கங்களையும் காட்டச் சொன்னார் அண்ணாச்சி. எடுத்தது இவ்வளவுதான் என்றேன். "அவ்வளவு நேரம் பந்திய எடுத்தீரு, இத இன்னும் கொஞ்சம் எடுக்கக்கூடாதா?" என்று கோபித்துக்கொண்டார்.

ஜூன் 27 – வெள்ளி

சினிமாப் பையன் வந்தான். இன்னும் ஒன்பது கேசட் இறக்க வேண்டும், இந்தக் கேமரா இல்லாமல் அவற்றைப் படிக்க என்னிடம் வேறு எதுவும் கிடையாது. வாரம் மூவாயிரம் போனால் போகட்டும் என்று தம்பியிடமிருந்து அந்த எம்9000ஐ வாங்கித் துடைத்துக் கொடுத்தேன். 2009 கல்யாணத்தில் விஎச்எஸ் கேமரா! பையன் தோளில் வைத்துக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "சூப்பர் சார், இதுதான் கரெக்ட்" என்றான். படம் வந்தால் எங்கள் ஆட்கள் மட்டும் சிரிப்பார்கள். வாடகை தம்பிக்கு.

ஜூன் 29 – ஞாயிறு

கடையநல்லூர் வீட்டில் போனை எடுத்தவர்கள், அந்தக் கல்யாணம் கோர்ட்டில் முடிந்துவிட்டது, கேசட்டை வேண்டுமானால் தூக்கிப் போடுங்கள் என்றார்கள். போடவில்லை. மேலே ஒரு பேப்பர் ஒட்டித் தனியாக வைத்திருக்கிறேன்.

மத்தியானம் சுரண்டை அண்ணாச்சி கடைப் பையனிடம் பணம் கொடுத்தனுப்பினார். கூடவே அரைக்கிலோ கருப்பட்டி. கவரில் இரண்டாயிரம்தான் இருந்தது. மீதி இரண்டாயிரம் ஆடி கழிந்து தருவாராம். கேசட் என்னிடம்தான் இருக்கிறது.